பியானோ மிஸ்ஸிடம் தியரி கேட்ட கதை

அந்த பெஞ்சு பத்து வயதுப் பிள்ளைகளுக்காகச் செய்தது. என் முழங்கால்கள் இரண்டும் மேசையின் அடிப்பலகையில் முட்டி நின்றன. கொஞ்சம் அசைந்தால் மேசையே எழுந்து கூட வரும்போல இருந்தது.

செகந்திராபாத்தில் ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் ஹால். சனிக்கிழமை காலை. சாக்பீஸ் தூளும் ஃபினாயிலும் கலந்த வாசனை. சுற்றிலும் படிய வாரிய தலைகள், புதுப் பென்சில்கள், கார்ட்டூன் போட்ட டப்பாக்கள்.

"பேரண்ட்ஸ் எல்லாரும் ப்ளீஸ் வெயிட் அவுட்சைட்" என்றார் கண்காணிப்புக்கு வந்திருந்த அம்மாள். பெற்றோர் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன். அவர் என்னிடம் வந்தார்.

"சார், யூ ஆல்சோ."

ஹால் டிக்கெட்டை எடுத்து நீட்டினேன். அதைப் பார்த்தார். என் முன்வழுக்கையைப் பார்த்தார். மறுபடி ஹால் டிக்கெட்டைப் பார்த்தார்.

"யூ ஆர் தி கேண்டிடேட்?"

"யெஸ் மேடம்."

பின்வரிசையில் ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். அது அப்படியே முன்வரிசை வரை பரவியது. பக்கத்து வரிசையில் என் மகள் தாரிணி, சுவரில் எழுதியிருந்த பொன்மொழி ஒன்றை ஊன்றிப் படிக்க ஆரம்பித்தாள். இந்த மனிதரை இதற்கு முன் பார்த்ததே இல்லை என்று பிறந்ததிலிருந்து சாதித்துவருபவள்போல இருந்தது அவள் முகம்.

அது லண்டன்காரர்கள் நடத்தும் பியானோ தியரி தேர்வு. ஐந்தாவது கிரேடு. எனக்கோ பியானோவில் ஒரு பாட்டுகூட வாசிக்கத் தெரியாது.

பிழை பார்க்கும் தொழில்

போன வாரம் இந்தப் பத்தியில், கம்பெனி கேப் வண்டியில் தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி பட்டான்செருவரை போய்விட்ட கதையை எழுதியிருந்தேன். படித்துவிட்டு என் மனைவி ரேவதி, "உங்க மானத்தை வாராவாரம் நீங்களே வாங்கிக்கிறீங்களே, கைக்கு?" என்று கேட்டாள். 'கைக்கு' என்றால் 'எதுக்கு'. அவள் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலேயே வேலூர்ப் பக்கமிருந்து செகந்திராபாத்துக்கு வந்தது. அவள் பேசும் தமிழில் பாதி இந்த ஊர்க் காற்றில் கலந்து வந்தது.

நான் சிவகாசிக்காரன். மென்பொருள் டெஸ்டிங் வேலைக்காக ஐதராபாத் வந்தவன். மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் பிழை கண்டுபிடிக்க எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். இந்தத் தொழிலில் ஒரு வியாதி உண்டு. சாயங்காலம் அலுவலகத்தை விட்டு வெளியே வந்தாலும் அது விடாது. கத்தரிக்காய்க்காரரிடம் பிழை, மாமனார் வீட்டு சாம்பாரில் பிழை, கல்யாணப் பத்திரிகையில் பிழை. ரேவதி என்னோடு கடைக்கு வருவதை நிறுத்தியதற்கு அதுதான் காரணம்.

தாரிணி திருமுல்கேரியில் ஐரீன் மிஸ்ஸிடம் சில வருஷங்களாக பியானோ கற்றுக்கொண்டிருந்தாள். அதில் மட்டும் நான் பிழை பார்க்கவில்லை. எனக்கு இசை தெரியாது என்பதுதான் காரணம். பள்ளிக்கூடத்தில் பிரேயர் பாடும்போது, "டேய், நீ வாயை மட்டும் அசை, சத்தம் வேண்டாம்" என்று பாட்டு வாத்தியாரிடம் உத்தரவு வாங்கியவன் நான்.

நாப்தலின் உருண்டையும் நைட் ஷிஃப்ட்டும்

ஐரீன் மிஸ்ஸுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். அவரும் எங்களைப்போலத் தமிழர்தான். கொள்ளுத்தாத்தா பட்டாளத்தோடு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். சர்ச்சில் வாசித்து வாசித்தே பியானோ படித்தவர்.

அவர் வீட்டு முன்னறையில் பாதியை அந்தக் கறுப்புப் பியானோ அடைத்துக்கொண்டிருக்கும். எலி ஏறாமல் இருக்க அதற்குள் நாப்தலின் உருண்டைகளைப் போட்டு வைத்திருப்பார். வாரம் ஒருமுறை தாரிணி என் மேல் சாய்ந்து ஸ்கூட்டரில் வரும்போது, துணி அலமாரியைத் திறந்ததுபோல ஒரு வாசனை அடிக்கும்.

மிஸ்ஸின் கணவர் ஸ்டீஃபனுக்குப் பட்டான்செருவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் நைட் ஷிஃப்ட் வேலை. பகலெல்லாம் உள்ளறையில் தூங்குவார். அதனால் அந்த வீட்டில் கற்றுக்கொண்ட பிள்ளைகள் எல்லாருமே பூனை நடப்பதுபோல மெல்ல வாசித்தார்கள். எங்காவது 'பலமாக வாசி' என்று போட்டிருந்தால் மிஸ் பென்சிலால் அதன் மேல் ஒரு கோடு இழுத்துவிடுவார்.

தாரிணிக்கு அந்த வீடு உயிர். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும் என் மகள், மிஸ்ஸிடம் மட்டும் தமிழில் பேசினாள்.

கேபில் வந்த கேள்வி

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் காலை கேபில் என் பக்கத்தில் கோயம்புத்தூர் பாலாஜி உட்கார்ந்தான். அவன் மகன் ஜூபிலி ஹில்ஸில் கண்ணாடிக் கதவு வைத்த அகாடமியில் பியானோ படித்தான்.

"உங்க பொண்ணோட மிஸ் தியரி எவ்வளவு கவர் பண்றாங்க பாஸ்?"

"தியரின்னா?"

பாலாஜி என்னை அனுதாபத்தோடு பார்த்தான். டிரைவர்கூடக் கண்ணாடி வழியாகப் பார்த்ததாக எனக்குத் தோன்றியது.

"தியரி இல்லாம என்னங்க பியானோ? அஞ்சாவது கிரேடு தியரி பாஸ் பண்ணாத்தான் ஆறாவது கிரேடு வாசிக்கவே விடுவாங்க. இல்லீன்னா காலத்துக்கும் அங்கேயே நிக்க வேண்டியதுதான்."

அலுவலகம் இருக்கும் மாதாப்பூர் வந்து சேரும்வரை என் காதில் அதுதான் ஓடியது. என் மகள் படிக்கும் விஷயத்தில் எவரும் டெஸ்ட் செய்யாத ஒரு பெரிய பகுதி இருந்திருக்கிறது. நான் டெஸ்ட் லீட். வெட்கக்கேடு.

கேட்டே விட்டேன்

"நக்கோ" என்றாள் ரேவதி. வேண்டாம் என்று அர்த்தம். "பிள்ளை சந்தோசமா போய்ட்டு வருது. போய்க் கிளறாதீங்க."

அடுத்த வகுப்புக்கு நானும் உள்ளே போய் உட்கார்ந்தேன். பாடம் முடியும்வரை காத்திருந்து, புராஜெக்ட் மீட்டிங்கில் கேட்பதுபோலத் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டேன்.

"மிஸ், நீங்க தியரி எவ்வளவு கவர் பண்றீங்க?"

மிஸ் பியானோவின் மூடியை இறக்கினார். மழுப்புவார், கோபப்படுவார் என்று இரண்டுக்கும் பதில் தயாரித்து வைத்திருந்தேன்.

"கவர் பண்றதில்லியே சார்" என்றார்.

"கொஞ்சம்கூடவா?"

"நோட்டைப் பாத்து வாசிப்பேன், வாசிக்கச் சொல்லிக் குடுப்பேன். அதுக்கு மேல இருக்கறதுக்கெல்லாம் எனக்குப் பேரு தெரியாது. யாரும் எனக்குச் சொல்லிக் குடுக்கல."

உள்ளறைக் கதவு திறந்தது. ஸ்டீஃபன் லுங்கியும் கலைந்த தலையுமாக எட்டிப் பார்த்தார்.

"யாரு ஐரீன்? கரெண்ட் ஆபீஸா?"

"இல்லீங்க. தாரிணி டாடி. நீங்க தூங்குங்க."

நான்தான் பெருந்தன்மையாக ஒரு வழி சொன்னேன். வாசிப்பை மிஸ் பார்த்துக்கொள்ளட்டும். தியரியை நாங்கள் வீட்டில் பார்த்துக்கொள்கிறோம். மிஸ் தலையாட்டினார். தாரிணி என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வெளியே வந்தாள். ஸ்கூட்டரில் அன்றைக்கு என் மேல் சாயவில்லை.

வீட்டில் இத்தாலி

தியரிப் புத்தகம் வாங்கினேன். முதலில் நான் படித்து, பிறகு தாரிணிக்குச் சொல்லிக் கொடுப்பது என்று திட்டம்.

சும்மா சொல்லக் கூடாது, எனக்கு அது பிடித்துப்போனது. இசை என்றால் ஞானம், உருக்கம், கண்ணீர் என்று பயந்துகொண்டிருந்தவனுக்கு, உள்ளே திறந்து பார்த்தால் முழுக்க விதிகள். இந்தச் சுரத்திலிருந்து அந்தச் சுரத்துக்கு எத்தனை படி, எந்த இடத்தில் எந்தக் குறி. எல்லாமே சரி அல்லது தப்பு. என் அலுவலகம் மாதிரியே இருந்தது, மேனேஜர் மட்டும் இல்லை.

கேபில் இத்தாலியச் சொற்களை மனப்பாடம் செய்தேன். வேகமாக வாசிக்க 'அல்லெக்ரோ', மெதுவாக வாசிக்க ஒரு சொல், உருகி உருகி வாசிக்க ஒரு சொல். பாலாஜி இடம் மாறி உட்கார்ந்துகொண்டான். வீட்டில் ரேவதி, "அல்லெக்ரோ! பால் பொங்குது, அல்லெக்ரோ!" என்று அடுக்களையிலிருந்து கூப்பிடுவாள்.

தாரிணிதான் சிக்கல். புத்தகத்தைத் திறந்தாலே கொட்டாவி விடுவாள். ஒருநாள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"டாடி, பரீட்சை நானு மட்டும் கைக்கு எழுதணும்? உனக்குத்தானே இது புடிச்சிருக்கு? நுவ்வு கூட ராயி."

நீயும் எழுது என்கிறாள், தெலுங்கில். நான் எழுதினால் அவளும் எழுதுவாளாம். இல்லையென்றால் இல்லையாம். ரேவதி அடுக்களையிலிருந்து தலையை நீட்டி, "ஹவ், ஆமா, அதான் நியாயம்" என்று தீர்ப்புச் சொன்னாள். அப்படித்தான் என் பெயரும் விண்ணப்பத்தில் ஏறியது.

மறுபடி அந்த ஹால்

சிரிப்பு அடங்கி, கேள்வித்தாள் கட்டைப் பிரிக்கும் நேரத்தில் கதவருகே ஒரு பெண் வந்து நின்றார். கஞ்சி போட்ட காட்டன் புடவை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு எடுத்துப்போகும் கைப்பை. ஐரீன் மிஸ்.

தாரிணிக்கு உதவி செய்ய வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கண்காணிப்பாளரும் அதையேதான் நினைத்தார்.

"மேடம், டீச்சர்ஸ் வெயிட்டிங் ரூம் அந்தப் பக்கம்."

மிஸ் கைப்பையைத் திறந்து ஹால் டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தார்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. தாரிணி பழக்க தோஷத்தில் எழுந்து நின்று, "குட் மார்னிங் மிஸ்" என்றுவிட்டாள். அவள் எழுந்ததைப் பார்த்து அவரைத் தெரியாத பிள்ளைகளும் எழுந்தார்கள். மொத்த ஹாலும் "குட் மார்னிங் மிஸ்" என்றது. அவர் காது வரை சிவந்துபோய், "உக்காருங்க, உக்காருங்க. நானும் பரீட்சைக்குத்தான்" என்று சொல்லிவிட்டு முதல் வரிசையில், காலை ஒரு பக்கமாக மடக்கி உட்கார்ந்தார்.

பென்சில் சீவினார். முனை உடைந்தது. மறுபடி சீவினார். நான் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பியானோவின் மேல் ஒருமுறைகூடத் தடுமாறி நான் பார்த்திராத கை அது. மூன்றாவது தடவையும் முனையை உடைத்தது.

அந்த நொடியில்தான், மாதக்கணக்கில் முதல்முறையாக, நான் அவரிடம் கேட்ட கேள்வி எனக்கே காதில் விழுந்தது.

தேர்வு முடிந்ததும் மூவரும் எதிரே இருந்த இரானி ஹோட்டலுக்குப் போனோம். தாரிணி மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"ஏன் மிஸ் சொல்லவே இல்ல?" என்றேன்.

"சொல்லிட்டு ஃபெயிலானா அசிங்கம் இல்லியா சார்?" சாயாவைச் சாசரில் ஊற்றி ஆற்றினார். "போன வருஷம் கச்சிபௌலி பக்கம் ஒரு பெரிய ஸ்கூல்ல இன்டர்வியூ போனேன். வாசிச்சேன். எல்லாரும் கை தட்டினாங்க. தட்டி முடிச்சிட்டு சர்ட்டிஃபிகேட் கேட்டாங்க. என்கிட்ட ஏது? ஸ்டீஃபனுக்கு அந்த ஃபேக்டரி வாடை ஒத்துக்கல சார். தூக்கத்துலயும் இருமுறாரு. அவரு நைட் ஷிஃப்ட்டை விடணும்னா எனக்கு ஒரு வேலை வேணும்."

"யாரு உங்களுக்குத் தியரி சொல்லிக் குடுத்தா?"

மிஸ் தாரிணியைப் பார்த்தார். தாரிணி பிஸ்கட்டைப் பார்த்தாள்.

"வாராவாரம் கேப்பேன், டாடி இந்த வாரம் என்ன சொல்லிக் குடுத்தாருன்னு. இவ வந்து எனக்குச் சொல்லிக் குடுப்பா. பரீட்சைக்குன்னு இவளுக்குத் தெரியாது." பிறகு என் பக்கம் சாய்ந்து, முக்கியமான சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டார். "சார், சர்ச்சுல ஆமென் சொல்றப்ப கடைசியில நாலு கட்டையைச் சேத்து அமுக்கி ரெண்டு கார்டு வருமே. அதுக்குக்கூட ஒரு பேரு இருக்காமே?"

"பிளேகல் கேடன்ஸ். பாட்டு வரி வந்து முடியிற விதத்துக்குத்தான் கேடன்ஸ்னு பேரு."

"பாருங்க! இத்தனை வருஷமா பேரு தெரியாமலே வாசிச்சிட்டிருந்திருக்கேன்" என்று சொல்லி, ஹோட்டலே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

ரிசல்ட்

விடைத்தாள்கள் கடல் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் முடிவு வரச் சில வாரங்கள் ஆயின. மிஸ் நல்ல மதிப்பெண்ணில் பாஸ். தாரிணி பாஸ்.

நான் ஃபெயில்.

என்னிடம் படித்தவளும் பாஸ், அவளிடம் படித்தவரும் பாஸ். மூலவர் மட்டும் ஃபெயில். ரேவதி கட்டிலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்புதான் வந்தது. ஆனால் அன்றைக்கு வரவில்லை, அடுத்த வாரம் வந்தது.

காரணம் எனக்குத் தெரிந்தது. சொந்தமாக ஒரு மெட்டு எழுதும்படி ஒரு கேள்வி இருந்தது. ஒரு விதியும் மீறாமல் எழுதியிருந்தேன். ஞாபகத்திலிருந்து எழுதித் தாரிணியிடம் கொடுத்து, கீபோர்டில் வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். நிறுத்தினாள்.

"டாடி, இது கார் ரிவர்ஸ் எடுக்கிற சத்தம்."

இன்னொரு முறை வாசித்தாள். ஆமாம், அதேதான்.

அந்தா நீ வல்லே

ஐந்தாவது கிரேடு தியரி கைக்கு வந்ததும் மிஸ்ஸுக்கு வழி திறந்துவிட்டது. அடுத்த சீசனிலேயே நேராக எட்டாவது கிரேடு வாசிப்புத் தேர்வுக்குப் போனார். சர்ட்டிஃபிகேட்டோடு அந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போனார். வேலை கிடைத்தது.

இனிப்போடு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஸ்டீஃபனும் வந்திருந்தார். அவரைப் பகல் வெளிச்சத்தில், சட்டை போட்டு, விழித்த நிலையில் அன்றுதான் முதலில் பார்த்தேன்.

"உங்களாலதான் சார். நீங்க அன்னிக்கு வந்து கேக்கலேன்னா நான் இப்படியே இருந்திருப்பேன்."

நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. ஒரு வாய் மைசூர்பாகு உள்ளே போகும் நேரம்தான்.

"ஸ்கூல் பஸ் விடியக்காலையில வந்துடுது. திரும்பி வர இருட்டிடும். இந்த மாசத்தோட டியூஷன் எல்லாம் நிறுத்திடலாம்னு இருக்கேன்."

தாரிணி அவர்கள் போகும்வரை நின்று, வாசல்வரை போய்க் கையசைத்துவிட்டு வந்தாள். கதவைச் சாத்தியபின் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"அந்தா நீ வல்லே, டாடி."

எல்லாம் உன்னால்தான். மிஸ் சொன்ன அதே வார்த்தை. மகள் சொன்னபோது மீதி மைசூர்பாகைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

ரேவதி தட்டை எடுத்துக்கொண்டே, "நல்லா டெஸ்ட் பண்ணீங்க. புராடக்ட் வேற கம்பெனிக்குப் போயிடுச்சு" என்றாள்.

பாலாஜியின் கண்ணாடிக் கதவு

பாலாஜி சொன்ன அகாடமிக்குத் தாரிணியைக் கூட்டிப் போனேன். ஏசி குளிர். வழவழவென்று ஒரு புத்தகம் கொடுத்தார்கள். அதில் எந்த மாதம் எந்தத் தியரி என்று கட்டம் போட்டு அச்சடித்திருந்தது. போன வருஷமாக இருந்திருந்தால் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பேன்.

தாரிணி வரவேற்பறையில் இருந்த பியானோவின் ஒரு கட்டையை விரலால் தொட்டாள். "ப்ளீஸ் டோன்ட் டச்" என்றார் மேசைக்குப் பின்னால் இருந்தவர்.

அதன்பிறகு எந்த மிஸ்ஸும் வேண்டாம், எந்த சாரும் வேண்டாம் என்றுவிட்டாள். வீட்டுக் கீபோர்டின் மேல் முதலில் அவள் ஸ்கூல் பை ஏறியது. பிறகு மடிக்காத துணிகள் ஏறின. நான் அவற்றை மடித்து எடுத்து வைப்பேன். மறுநாள் வேறு துணிகள் இருக்கும். இப்படியே சில மாதங்கள் ஓடின.

கச்சிபௌலி மேடை

மிஸ்ஸே போன் செய்தார். பள்ளிக்கூடத்தில் அவருடைய பிள்ளைகளின் முதல் கச்சேரி, மூவரும் கட்டாயம் வர வேண்டும் என்றார். தாரிணி வர மாட்டேன் என்றாள். புறப்படும் நேரத்தில் தானாகவே தலை வாரிக்கொண்டு வந்து நின்றாள்.

பெரிய அரங்கம். பளபளக்கும் பியானோ. கழுத்தில் பட்டாம்பூச்சிபோல ஒன்றைக் கட்டிய பிள்ளைகள் வரிசையாக வந்து வாசித்தார்கள். எல்லாரும் சத்தமாக, தைரியமாக வாசித்தார்கள். மிஸ் மேடையின் ஓரத்தில் நின்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தலையசைத்துத் தாளம் காட்டினார். தாரிணி கைகளை இறுக்கிக் கட்டியபடி பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வீட்டில் வேறு யாரோ குடியிருப்பதைப் பார்ப்பதுபோல இருந்தது அவள் பார்வை.

முடிந்ததும் கூட்டத்தில் அவளைக் காணவில்லை. ரேவதி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் தேடினோம். மேடையில் இருந்தாள். அந்தப் பெரிய பியானோவின் முன் உட்கார்ந்து, திருமுல்கேரியில் கடைசியாகப் படித்த பாட்டை வாசித்துக்கொண்டிருந்தாள். நாற்காலிகளை இழுக்கும் சத்தத்தில் அது பாதிதான் கேட்டது. பாதியில் தடுக்கியது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

மிஸ் பெற்றோர் கூட்டத்தை விட்டுவிட்டு மேடையேறிப் பின்னால் போய் நின்றார். நான் படிக்கட்டின் கீழ் நின்றேன்.

"வலது கை நல்லா இருக்கு. இடது கைக்கு என்ன ஆச்சு?"

தாரிணி திரும்பிப் பார்க்கவில்லை. "பிராக்டிஸ் இல்ல மிஸ்."

"ஏன் இல்ல?"

"நீங்க இல்லியே."

மிஸ் குனிந்து அவள் இடது கையை எடுத்துச் சரியான இடத்தில் வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரியா? சர்ச் முடிஞ்சு சாப்பிட்டு உக்காந்திருப்பேன். உனக்கு மட்டும்."

"வரேன் மிஸ்." உடனே சொன்னாள். பிறகுதான் திரும்பினாள்; என்னைப் பார்த்தாள். "ஆனா டாடி உள்ள வரக் கூடாது."

மிஸ் என்னைப் பார்த்துக் கையை விரித்தார். "சாரி சார்."

அந்த வாரமே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். வழி நெடுக என் மேல் சாய்ந்துகொண்டு வந்தாள். கேட்டருகே இறங்கி, திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடினாள். நான் சாலையோரம் மரநிழலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. அவள் வாசிப்பது தெளிவாகக் கேட்டது. ஒவ்வொரு வரியும் எந்தக் கேடன்ஸில் முடிகிறது என்று எனக்குப் பெயர் சொல்லத் தெரிந்தது.

யாரும் என்னிடம் கேட்கவில்லை.